நதி பிறந்த வீட்டுச் சீர்

மலை முகட்டில் கோட்டை கட்டி ஆண்ட வீரபூபதி ராயருக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அரண்மனையில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த ஆடி மாதம் வந்த யோசனை இது. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று படித்துறையிலேயே நதித் தாய்க்குப் பட்டும் மஞ்சளும் சார்த்துகிறோமே, இந்தத் தடவை அவள் பிறந்த வீட்டுக்கே போய்ச் சீர் வைத்தால் என்ன?

"ஆகா!" என்றது சபை. சபைக்கு வேறென்ன வேலை?

தளவாய் வெங்களப்பர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "நதி பிறப்பது மேலச்சுனையில், மகாராஜா. பாறை இடுக்கிலிருந்து வருகிறாள். ஆனால் பக்கத்திலேயே ஒரு குடியிருப்பு! ஆட்டுப் புழுக்கையும் கருவாட்டு வாசனையும்! தாய் பிறந்த இடத்தில் இதெல்லாம் அடுக்குமா?"

சுனைக்குப் பக்கத்தில் தனக்கொரு கோடை மாளிகை கட்ட அவருக்கு வெகுநாள் ஆசை. அதை மட்டும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

ராயர் உடனே முழங்கினார். "நதி பிறக்கும் இடத்தில் எவரும் குடியிருக்கக் கூடாது! யாராயிருந்தாலும் ஆடிப்பெருக்குக்குள் காலி செய்ய வேண்டும்!"

"இதை நிறைவேற்ற நம் சடையாண்டியை விட்டால் ஆள் ஏது?" என்று தளவாய் இளித்தார்.

சடையாண்டி அரசவை விகடன். அவன் மனைவி குருவம்மாள் பிறந்த ஊர் அதே மேலச்சுனை. தளவாய்க்கு அது தெரியும். சடையாண்டி தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் குருவம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அண்ணன் வீட்டு உலையை நீரு இறக்கினா, இந்த வீட்டுல உலை ஏறாது. பாத்துக்கிடும்."

"அரச ஆணைடி!"

"அப்ப ராசாவே பொங்கிப் போடட்டும்."

சடையாண்டிக்குப் பசி தாங்காது. மச்சான் மேல் கொள்ளைப் பிரியமும் உண்டு. அந்த மலைச்சனங்களைத் துரத்திவிட்டு எந்த முகத்தோடு அவன் சபையைச் சிரிக்க வைப்பான்? வெறும் வயிற்றோடு முற்றத்தில் உட்கார்ந்து யோசித்தான். ஆணையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். "நதி பிறக்கும் இடத்தில் எவரும்..." சட்டென்று துள்ளி எழுந்தான்.

மறுநாள் மதியம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாப்பாட்டு மயக்கத்தில் ராயர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சடையாண்டி காவல்காரர்களிடம் ஆணை ஓலையைக் காட்டினான். ஆளுக்கொரு காலாகக் கட்டிலைத் தூக்கினார்கள்.

முற்றத்து வாசலில் ராயர் விழித்தார். "ஐயோ! நிலநடுக்கமா?"

"இல்லை மகாராஜா. குடிபெயர்ப்பு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். உங்கள் ஆணைப்படி."

ராயர் மீசை துடித்தது. "நதி பிறப்பது மேலச்சுனையில் அல்லவா?"

"அங்கேயும் பிறக்கிறாள். இங்கேயும் பிறக்கிறாள். நிரூபிக்க உங்கள் பாதக்குறடு ஒன்று வேண்டும்."

சொல்லிக்கொண்டே கட்டிலோடு வந்திருந்த மரச்செருப்பில் ஒன்றை எடுத்து, அரண்மனைக் கூரையிலிருந்து அருவியாய்க் கொட்டிய தண்ணீருக்கு அடியில் விட்டான். குறடு ஒரு சுற்றுச் சுற்றியது. முற்றத்தைக் கடந்தது. மதகு வழியே நழுவி ஓடையில் குதித்தது.

"என் குறடு!" என்று கத்தினார் ராயர். கட்டிலிலிருந்து குதித்தவர் மற்றக் குறட்டை மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சடையாண்டி ஓடினான். குடைக்காரன் ஓடினான். குடை எதிர்ப்பக்கம் ஓடியது. சத்தம் கேட்டு வந்த தளவாய் தொந்தியைப் பிடித்துக்கொண்டு உருண்டார். தோட்டத்து நீரும் லாயத்து நீரும் தெரு நீரும் வந்து வந்து சேர, ஓடை பெருத்தது. கடைசியில் குறடு படித்துறையில் போய் நதியில் விழுந்தது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் மிதந்து வந்த குறட்டைக் கும்பிட்டார்கள். பின்னால் சேற்றோடு வந்த ராயரை அடையாளம் தெரியாமல், "கொஞ்சம் தள்ளி நில்லுய்யா" என்றார்கள்.

ராயருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "சரி, மழை நின்றால்? அப்போதும் சுனை ஊறுகிறதே?"

"காட்டு மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய விடுகிறது, மகாராஜா. சுனையில் இன்று வருவது என்றோ பெய்த மழை. மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் எங்கே சொட்டு விழுந்தாலும் அது நதி பிறக்கும் இடம்தான். அரண்மனை, கோயில், சந்தை எல்லாம் காலியாக வேண்டும். ஒருவர் மட்டும் பாதி வீட்டில் இருக்கலாம்."

"அது யார்?"

"நம் தளவாய். அவர் மாளிகை சரியாக முகட்டின் மேல் இருக்கிறது. கிழக்குக் கூரையில் விழும் மழை நம் நதிக்கு வருகிறது. மேற்குக் கூரையில் விழுவது அந்தப் பக்கச் சரிவில் இறங்கி..." சடையாண்டி தயங்குவது போல் நடித்தான். "பகை ராஜாவின் ஏரிக்குப் போகிறது."

"தளவாயாரே! எத்தனை மழையாய் எதிரிக்குக் கப்பம் கட்டுகிறீர்?"

"மகாராஜா, அது... கூரை..." என்று இழுத்தார் தளவாய்.

"இனி மழை பெய்தால் மேற்குத் தாழ்வாரத்தில் குடத்தோடு நில்லும். நிறைந்ததும் கிழக்கே கொண்டுபோய் ஊற்றும். நம் நாட்டு மழை நமக்கு வேண்டும்! மேலச்சுனைக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!"

சடையாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. வயிறும் நிறையப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணே கலங்கிவிட்டது.

ராயர் ஒற்றைக் குறட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்தார். "எல்லாம் சரி. பட்டும் மஞ்சளும் தயாராக இருக்கிறதே! தாய்க்குப் பிறந்த வீடு இத்தனை என்றால், சீரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

சடையாண்டி ஈரத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் குனிந்தான்.

"என் வீட்டுக் கூரையும் கிழக்கே பார்த்துத்தான் சரிந்திருக்கிறது, மகாராஜா. சேலை வாங்கிக்கொள்ள வாசலிலேயே ஆள் நிற்கிறாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு போடவில்லை."

ராயர் சிரித்த சிரிப்பில் இன்னொரு குறடும் நதியில் விழுந்தது.