முந்நூறு படியும் மூன்று தொடக்க விழாவும்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். ஊருக்கு ஒரு குளமும் குளத்துக்கு ஒரு ராஜாவும் இருந்த காலம் அது. கூகைக்குன்றம் என்ற நாட்டை விறலாண்டான் என்பவன் ஆண்டான். ஆண்டான் என்பதைவிட, உண்டான் என்பது பொருத்தம்.

அந்த நாட்டில் ஒரு சட்டம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அரசன் தன் காலாலேயே குன்றின் முந்நூறு படியும் ஏறிக் கொடியேற்ற வேண்டும். வழியில் உட்கார்ந்தால் முடி போய்விடும்; ரத்த உறவில் அடுத்தவர் ஏறலாம்.

சென்ற முறை விறலாண்டான் மான்போல ஏறினான். இப்போதோ அரியணையின் ஏழு படி ஏறவே ஏழு முறை மூச்சு வாங்கியது. கொடி நாளுக்கு இன்னும் ஒரு வருடம்தான். உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

வைத்தியர் வேட்டனாரை அழைத்தான். அவர் நாடி பார்த்துச் சொன்னார்: “விடிந்ததும் ஏரிக்கரை வரை நடங்கள். பொழுது சாயுமுன் அளவாக உண்ணுங்கள். நேரத்தோடு படுங்கள். மருந்து அவ்வளவுதான், அரசே.”

அரசன் முகம் சுளித்தான். “இதைக் குடியானவன்கூடச் செய்வானே.”

“செய்கிறான். அதனால்தான் அவன் என்னைத் தேடி வருவதில்லை.”

பக்கத்தில் இருந்த தங்கை எயினி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

எளிய காரியத்தை எளிதாகச் செய்துவிட்டால் அப்புறம் என்ன அரசன்? முதலில் நடை தொடங்கும் விழா நடந்தது. முரசு, யானை, பூப்பாதை. ‘நாள்தோறும் நடக்கும் நாயகன்’ என்று கல்லிலும் வெட்டியாயிற்று. அன்று நடந்தான். மறுநாள் விழாக் களைப்பு. மூன்றாம் நாள் அந்தக் கல்லைப் பார்த்து வரப் பல்லக்கில் போனான்.

அடுத்து, அளவாக உண்ணும் விரதம். அதைத் தொடங்கிவைக்க முப்பத்திரண்டு கறியோடு ஊருக்கே விருந்து. சமையற்காரர் மனம் புண்படுமே என்று அரசன் ஒரு கறியையும் ஒதுக்கவில்லை.

அதற்கும் அடுத்து, நேரத்தோடு உறங்கும் விழா. அது விடிய விடிய நடந்தது.

ஒவ்வொரு முறையும் அவன் மனம் நிறைந்தது என்னவோ உண்மை. தொடங்கும்போது வருகிற பெருமிதத்தையே ஆரோக்கியம் என்று நம்பினான். விட்டுப்போனதை நினைத்தால் கூசும். கூச்சம் தீர இன்னொரு நல்ல நாள் பார்ப்பான். அந்த வருடம் நாட்டில் நன்றாக இருந்தவர் சோதிடர் ஒருவர்தான்.

எயினிக்கு யார் முரசு அடிப்பார்கள்? அவள் பாட்டுக்கு நடந்தாள். மழை நாளில் தலையில் கோணி போட்டுக்கொண்டு பாதி தூரம் போய் வந்தாள். காய்ச்சலில் நாலு நாள் படுத்தாள்; ஐந்தாம் நாள் எழுந்து நடந்தாள். ஒரு முறை அண்ணனையும் கூப்பிட்டாள். “வளர்பிறை வரட்டும்,” என்றான் அவன்.

கொடி நாள் வந்துவிட்டது. நாடே அடிவாரத்தில் கூடி நின்றது. நாற்பதாம் படியில் அரசனுக்கு நெஞ்சு படபடத்தது. அறுபதாம் படியில் கண் இருண்டது. எழுபத்து மூன்றாம் படியில் முழங்கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. உட்காரக் கூடாது, உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான்.

எயினி ஏறி வந்து அவன் கையில் இருந்த கொடிக்குக் கை நீட்டினாள்.

“நீயா? உனக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு?” என்று மூச்சுத் திணறக் கேட்டான்.

“உனக்குச் சொன்ன மருந்துதான் அண்ணா. வீணாகக் கிடந்ததே என்று நான் எடுத்துக்கொண்டேன்.”

நிதானமாக ஏறினாள். கொடி பறந்தது. முடி அவள் தலைக்குப் போயிற்று.

விறலாண்டானை இறக்கப் பல்லக்கு வரவில்லை. எழுபத்து மூன்று படியையும் நின்று நின்று இறங்கினான். மறுநாள் விடியலில் வேட்டனார் அவன் வாசலில் வந்து நின்றார். மறுக்க அவனிடம் சாக்கு ஏதும் மிச்சமில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினான். அரை வழிதான் போக முடிந்தது. அதற்கு மறுநாளும் போனான். நாற்பது வயதில் அவன் கண்ட முதல் இரண்டாம் நாள் அது.

ஊரைக் கூட்டித் தொடங்கும் நூறு முதல் நாளைவிட, யாரும் பாராமல் தொடரும் ஓர் இரண்டாம் நாளே உடம்பைக் காக்கும்.