ஒண்ணும் செய்யல

சந்தனமாரிக்கு ஒரே வாரத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. நாள் முழுக்க நின்று துணி தேய்த்துப் பிழைத்தவள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து ஏறினால் எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைமாட்டில் தொங்கிய அந்தப் பாட்டிலைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அது அவசர அவசரமாக ஏற்றுகிற மருந்தல்ல. மெதுவாகத் தொடங்கி, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேறு வார்டிலிருந்து புதிதாக மாறி வந்த நர்ஸ் இன்பராணியும் அப்படித்தான் கேட்டாள்.

"குளிருதா? தலை வலிக்கா?"

"ஒண்ணும் செய்யல சிஸ்டர்."

வேகத்தைக் கூட்டினாள். சற்றுப் பொறுத்து வந்து மறுபடி கேட்டாள்.

"ஒண்ணுமே செய்யல."

இன்னும் கூட்டினாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்டாள், பதில் வந்தது.

தலைமை நர்ஸ் ஜெசிந்தா அந்தப் பக்கம் வந்தார். சந்தனமாரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தாள். ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டார். உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

உடனே மருந்தை நிறுத்தினார்.

"இன்பா, டாக்டரக் கூப்பிடு."

சந்தனமாரி ஓவென்று அழுதுவிட்டாள்.

"எடுத்துட்டுப் போயிராதீங்கம்மா! நேத்து பக்கத்துக் கட்டில் அக்கா அரிக்குதுன்னு சொல்லிச்சு, பாட்டிலக் கழட்டிட்டாங்க. எனக்குக் கால் வரணும்மா!"

"அட பைத்தியக்காரி! பாட்டில் இங்கதான் தொங்குது, பாரு. மொதல்ல குளிர் அடங்கட்டும். டாக்டர் பாத்துட்டுத் திரும்பப் போடச் சொல்வாரு."

மூச்சைப் பார்த்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். நல்லவேளை, இரண்டும் சரியாக இருந்தன. டாக்டர் வந்தார், ஒரு ஊசி, ஒரு மாத்திரை, இன்னொரு கம்பளி. நடுக்கம் அடங்கியது. அவர் சொன்னபடி மருந்து மீண்டும் இறங்கத் தொடங்கியது, இந்தத் தடவை நிதானமாக.

"ஏறுதும்மா, ஏறுது" என்று சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்பராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்ததும் மனசு பொறுக்கவில்லை. ஜெசிந்தாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே சிஸ்டர். வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா? எங்கிட்ட ஏன் மறைக்கணும்?"

"கேட்ட. நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றார் ஜெசிந்தா. "குளிருதுன்னு சொன்னாலும் கைவிட்டுற மாட்டோம்னு, கேக்குறதுக்கு முன்னாடி நம்மள்ல யாராவது அவகிட்ட சொன்னோமா?"