ஐம்பத்து நாலு சிங்கிள்

ஓடைக்கரைச் சாமியிடம் ஒரு கார் இருந்தது. அதற்கு நாலு கதவு. அதில் மூன்று திறக்கும். எந்த மூன்று என்பது அன்றன்றைக்கு மாறும்.

ஒரு சீடரும் இருந்தார். பெயர் கோமதிநாயகம். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் விசில் ஊதினால், டீ குடிக்கப் போன டிரைவர் திரும்பி வருவதற்குள் பஸ் தானே நாலடி நகர்ந்துவிடும் என்று சொல்வார்கள். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். அதனால் சீடர் குருவை ‘சாமி’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார்.

ஒரு தை மாதக் காலையில் கோமதிநாயகம் துணிப்பையோடு வந்து நின்றார்.

“சாமி, நான் போறேன்.”

“எங்கே அண்ணாச்சி?”

“மேற்கே, அருவிக்கரையிலே ஒரு சாமியார் வந்திருக்காராம். பன்னிரண்டே நாள்ல முக்தியிலே கொண்டுபோய்ச் சேர்த்துருவாராம். இன்னைக்கு மூணு மணியோட பேர் எழுதுறது முடியுது.”

“இங்கே என்ன குறை?”

“ஏழு வருஷமா அதே மந்திரம். ஒரு நாளைக்கு ஆயிரத்தெட்டுத் தரம். ஒரு டவுன் பஸ் இத்தனை தரம் ஓடியிருந்தா காசியைத் தாண்டியிருக்கும். நான் உட்கார்ந்த பாயை விட்டு ஒரு அடி நகரலை. இதுல என்னதான் நடக்குது சாமி?”

சாமி எழுந்தார். ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார்.

“வாங்க, நானே கொண்டுபோய் விடுறேன். இந்த மாசத்துல அந்த ரோடு பார்க்க அவ்வளவு அழகா இருக்கும்.”

 தடுப்பார் என்று கோமதிநாயகம் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார்.

அன்றைக்குத் திறந்த கதவு வழியாக ஏறி, நகர்ந்து நகர்ந்து முன் சீட்டுக்கு வந்து, மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம்.

கரிசல் காட்டு நடுவே ரோடு போனது. இரண்டு பக்கமும் சூரியகாந்தி. பூவெல்லாம் கிழக்கே பார்த்து நின்றன. இந்தக் காரின் சத்தம் கேட்டு முதல் இரண்டு வரிசை மட்டும் ரோட்டுப் பக்கம் திரும்பியது. ஒரு மயில் காரோடு பந்தயம் ஓடி, ஜெயித்து, அடுத்த ஊர்க் குளத்தங்கரையில் நின்று, ‘இன்னுமா வரலை?’ என்று பார்த்தது.

“மயிலைப் பாருங்க அண்ணாச்சி!”

“எட்டு நிமிஷம் லேட்டு, சாமி.”

“மலை தெரியுது பாருங்க. என்னா நீலம்!”

“பத்து நிமிஷம்.”

ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் ரோட்டையே காணோம். நூறு மீட்டர் நீளத்துக்கு உளுந்தஞ்செடி பரப்பிக் கிடந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. போகிற வருகிற வண்டி மிதித்து நெற்று உடையும், உளுந்து உதிரும். ஓரத்தில், செடியைப் புரட்டும் கவைக்கம்போடு ஒரு பெண் நின்றாள். செடிக்குச் சொந்தக்காரி, வெள்ளத்தாய்.

“ஏத்துங்க சாமி, மேலேயே ஏத்துங்க!”

கார் ஏறிக் கடந்தது. வெள்ளத்தாய் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒரு நெத்துகூட வெடிக்கலையே. பக்கத்து ஊர்ல தேருன்னு பஸ்ஸெல்லாம் அங்கிட்டுத் திருப்பி விட்டுட்டாக. காலையிலேர்ந்து ரெண்டு சைக்கிளும் ஒரு எருமையும்தான் போயிருக்கு. அந்தா மேகம் ஏறுது. நனைஞ்சா அத்தனையும் முளைச்சுப்போகும்.”

சாமி ரிவர்ஸ் போட்டார்.

“சாமி! அருவிக்கரை முன்னாலே இருக்கு!”

“தெரியும் அண்ணாச்சி.”

“நீங்க பின்னாலே போறீங்க!”

“கொஞ்ச தூரம்தான்.”

பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால். கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். எட்டு தரம் ஆயிற்று; பஸ்காரர் கணக்கில் எட்டு சிங்கிள். ஒன்றும் உதிரவில்லை. கோபத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டியவர் கண்ணில் சக்கரத் தடம் பட்டது.

“ஒரே தடத்துல போனா எப்படிய்யா உதிரும்? ஒரு சிங்கிள் இடது பக்கம், ஒரு சிங்கிள் வலது பக்கம் ஒடிச்சு வரணும்! இதுகூடத் தெரியாத டிரைவரா நீ?”

குருவைத் திட்டுகிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. அவர் பக்கத்துக் கதவு அன்றைக்குத் திறக்காத கதவு. அறுபத்தொரு வயது மனிதர் ஜன்னல் வழியாகவே குதித்தார். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார்.

“ஏ தாயி, கார் போனதும் செடியைப் புரட்டிப் போடு!”

“நீங்க ஊதுங்கய்யா, நான் புரட்டுதேன்!”

ஒரு விசிலுக்குக் கார் நின்றது. இரண்டு விசிலுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு சிங்கிளுக்கும் நோட்டில் ஒரு கோடு. இருபதாவதிலும் ஒன்றுமில்லை. முப்பதாவதிலும் ஒன்றுமில்லை. முப்பத்தொன்றில் எங்கோ ‘சட்’ என்று ஒரு சத்தம். அப்புறம் சோளப்பொரி பொரிகிற மாதிரி ரோடு முழுக்கச் சடசடவென்று வெடித்தது. கறுப்பாக உளுந்து கொட்டியது. வெள்ளத்தாய் கவைக்கம்பைத் தூக்கிக் குலவையிட்டாள். கோமதிநாயகமும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் குலவை வராது, விசில்தான் வந்தது.

மூன்று பேருமாகக் கூட்டி அள்ளினார்கள். மழை வந்துவிட்டது. ஆனால் புளியமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. மரத்தின் பாதி நனைந்தது, மறு பாதியில் தூசி பறந்தது. ஏழாவது மூட்டையின் வாயைக் கட்டித் தார்ப்பாயை மூடிய பிறகுதான் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர். மூவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

காருக்குள் வந்து தலையைத் துவட்டியபோதுதான் கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை.

“மூணு மணி போயிருச்சே சாமி.”

“கேட்டா நாளைக்கும் எழுதிக்குவாங்க. இன்னும் முப்பது கிலோமீட்டர்தான். போவோமா?”

கோமதிநாயகம் நோட்டைப் பிரித்தார். கோடுகளை எண்ணினார். மீட்டரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஐம்பத்து நாலு சிங்கிள் அடிச்சிருக்கோம் சாமி. இந்த இடத்துல மட்டும் மீட்டர்ல அஞ்சு கிலோமீட்டருக்கு மேலே ஓடியிருக்கு. ஆனா கார் அதே புளியமரத்துக்கிட்டேதான் நிக்குது. ஒரு அடி நகரலையே!”

“அப்படியா?” என்றார் சாமி. “அதை வெள்ளத்தாய்கிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க அண்ணாச்சி. அதுக்குள்ளே நான் வண்டியைத் திருப்பி வைக்கிறேன்.”

ரோட்டோரத்தில் வெள்ளத்தாய் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

கோமதிநாயகம் இறங்கவில்லை. கார் வந்த வழிக்கே திரும்பி நிற்கும்வரை அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார்.