மாறாத எண்

வெள்ளாங்கரையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

குருவின் பெயர் சலேத்மேரி. மீனவர் சங்கத்தின் மாடியறையில் இருக்கும் கணினியையும் அதைச் சுற்றிக் கிடக்கும் வயர்களையும் பார்த்துக்கொள்பவர். ஊரில் எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் பாடம் நடத்தியதே இல்லை. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சீடர் கஸ்பார். கடலில் படகு ஓட்டியவர். இன்ஜினைத் தூக்கி வைக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. பழைய வலு கூடவில்லை. வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் மாடியேறி வந்து, "எனக்கும் இதைச் சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த அறைக்கு ஒரே வேலைதான். சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் கையகலப் பெட்டி ஒன்று உண்டு. செல்போன் டவர் எட்டும் தூரம்வரை, படகு நிற்கும் இடத்தை அது கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மாடியறைத் திரையில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. ஆபத்தென்றால் பெட்டியிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அறையில் மணி அடிக்கும்.

கஸ்பார் சீக்கிரம் கற்றுக்கொண்டார். உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அவருக்கு வரவில்லை. ஜன்னலுக்குப் போவார், வருவார், மறுபடி போவார்.

ஒருநாள் கேட்டார். "டீச்சர், ஸ்டாட்டிக் ஐபி ஸ்டாட்டிக் ஐபிங்கிறீங்களே, அது என்னது?"

"இன்டர்நெட்டுல இருக்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதுதான் ஐபி அட்ரஸ். அந்த நம்பருக்கு அனுப்பினா அந்த மிஷினுக்குப் போய்ச் சேரும்."

"சரி."

"சாதாரண கனெக்‌ஷன்ல அந்த நம்பர் நிலையில்ல. மோடம் அணைஞ்சு எரிஞ்சா கம்பெனிக்காரன் கையில கிடைக்கிற வேற நம்பரைக் கொடுப்பான். ஸ்டாட்டிக்னா ஒரு நம்பரை நமக்குன்னே ஒதுக்கி வெச்சிருவான். என்ன ஆனாலும் மாறாது."

"எங்க வீட்டுலயும் இன்டர்நெட் இருக்கு. அங்க நம்பர் மாறுதா?"

"மாறும்."

"மாறி ஒண்ணும் கெட்டுப்போகலயே. இங்க மட்டும் ஏன் மாறக் கூடாது?"

டீச்சர் மேசையில் பழுதுபார்க்க வந்திருந்த ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோய் ஊரைச் சுத்திட்டு வாங்க. நிக்கிற இடத்துல எல்லாம் ஒரு தடவை அணைச்சுப் போட்டு, பொத்தானை அமுக்குங்க."

கஸ்பார் போனார். கோயில் முற்றத்தில் அமுக்கினார். ஐஸ் கம்பெனி வாசலில் அமுக்கினார். வலை காயப்போட்டிருந்த மணலில், பஸ் நிறுத்தத்தில், தன் வீட்டு வாசலில். இடுப்பு வலித்தாலும் நடப்பது சுகமாக இருந்தது.

திரும்பி வந்தபோது டீச்சர் திரையைக் காட்டினார். அவர் நின்ற இடமெல்லாம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் பெட்டிக்கு இருந்த எண்.

கஸ்பார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே."

"இல்ல."

"ஆனாலும் எல்லாம் வந்து சேந்துருக்கு."

"சேந்துருக்கு."

கஸ்பார் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படித்தான் அவர் நினைத்தார்.

அடுத்த வாரம் டீச்சர் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனார். அறைச் சாவி கஸ்பாரிடம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது இன்டர்நெட் வந்தது. பழைய கம்பெனியின் வேகம் போதவில்லை என்று சங்கத்தில் முன்பே முடிவாகியிருந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் வந்து கம்பி இழுத்தார், மோடத்தை மாட்டினார். போகும்போது கேட்டார்.

"ஸ்டாட்டிக் ஐபி போடணுமா சார்? அதுக்குத் தனியா எழுதிக் கொடுக்கணும்."

கஸ்பார் புன்னகை செய்தார். "வேண்டாம் தம்பி. நம்பர் மாறினா மாறட்டும். எல்லாம் வந்து சேரும்."

ஆனால் திரையில் ஒரு புள்ளியும் வரவில்லை. பெட்டிகளில் அறையின் பழைய எண் இருப்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. கம்பெனி மாறியதற்காக ஒருதடவை மாற்றினால் போதும் என்று நினைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். படகு படகாக ஏறி, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே புது எண்ணைப் போட்டார். வெயில் முதுகைச் சுட்டது. திங்கட்கிழமை விடிந்து படகுகள் இறங்கியபோது திரை முழுக்கப் புள்ளிகள். டீச்சர் வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கரண்டு போய், கொஞ்ச நேரத்தில் வந்தது.

கணினி எழுந்தது. திரையில் கடல் எழுந்தது. புள்ளிகள் எழவில்லை.

கஸ்பார் காத்திருந்தார். மோடத்தை அணைத்துப் போட்டார். ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்குப் போனார். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்திருந்தது. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. தூரத்தில் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்தது.

மதுரைக்குப் போன் போட்டார்.

"டீச்சர், ஒரு படகும் தெரியல. இன்டர்நெட் நல்லா வருது. படகுதான் தெரியல."

"மோடம் அணைஞ்சுதா?"

"கரண்டு போச்சு. அப்புறம் நானும் ஒருக்கா அணைச்சேன்."

"ஸ்டாட்டிக் போட்டாங்களா?"

"நான்தான் வேண்டாம்னேன். நம்பர் மாறினாலும் வந்து சேருதே டீச்சர். நான் ஊரெல்லாம் நடந்து பாத்தேனே."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அண்ணே, நீங்க ஊரெல்லாம் நடந்தீங்க. அப்ப நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான். நாற்காலியில."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெட்டி எங்கே போனாலும், எந்த எண்ணைப் போட்டுக்கொண்டாலும், அது தேடியது ஒரே எண்ணை. அந்த எண்தான் இப்போது இல்லை.

"வீட்டுல வேணுங்கிறத நாமதான் போய்க் கேட்டு வாங்கிக்கிறோம்" என்றார் டீச்சர். "யாரும் நம்மளத் தேடி வர்றதில்ல. அங்க மாறினா மாறட்டும். இங்க அப்படியில்ல."

"இப்ப என்ன செய்ய?"

"அவங்களால இனி உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கதான் அவங்களைத் தேடணும். ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க."

கஸ்பார் கூப்பிட்டார். ஒவ்வொரு படகாக. "மணி வேலை செய்யல. காத்து ஏறுது. பெட்டியை நம்பாதீங்க, கரைக்கு வாங்க." சிலர் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஏசிக்கொண்டே வலையை இழுத்தார்கள். ஒரு போன் மட்டும் போகவில்லை. அது தொபியாஸுடையது. கஸ்பாருடைய அக்காள் மகன்.

திரும்பியவர்கள், அவன் தெற்குப் பாறைப் பக்கம் வலை விட்டதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

கஸ்பார் கரைக்கு ஓடினார். ஓட முடியாத இடுப்பு எப்படியோ ஓடியது. படகுக்காரர் சில்வெஸ்டர் தன் படகை அப்போதுதான் கரையேற்றிக்கொண்டிருந்தார்.

"தள்ளும் ஓய். திரும்பத் தள்ளும்."

"நீரா வாரீரு? இடுப்பு?"

"இருந்தா இருக்கட்டும். தள்ளும்."

கடல் அவரை மறந்திருக்கவில்லை. இன்ஜின் நின்ற படகைக் கச்சான் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று அவருக்குத் தெரியும். தெற்குப் பாறைக்கு அவர் போகவில்லை. அங்கிருந்து கிழக்கே வெகுதூரம் தள்ளிப் படகை நேரே விட்டார். ஒவ்வொரு அலையிலும் இடுப்பில் ஊசி குத்தியது. பொழுது சாய்வதற்குள் பார்த்தார்கள். நீலப் படகு ஒன்று, காற்றுக்குக் குறுக்கே கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

தொபியாஸும் அவன் கூட்டாளியும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்றுபோயிருந்தது. போன் நனைந்து செத்திருந்தது. தொபியாஸ் ஒரு கையால் இறைத்தான். மறுகைக் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது.

"அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன் மாமா" என்றான். "மதியத்துலருந்து அமுக்குறேன். நீரு அங்கதான இருக்கீரு, வந்துருவீருன்னு சொல்லிச் சொல்லி அமுக்குனேன்."

கஸ்பார் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் பழுதில்லை. அது கூப்பிட்ட எண் இந்நேரம் எந்த ஊரிலோ யார் வீட்டிலோ இருந்திருக்கும். அங்கே யாராவது உட்கார்ந்து சினிமா பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அவர் கயிற்றை எறிந்தார்.

கரையில் அக்காள் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள். பிறகு தம்பியைக் கட்டிக்கொண்டாள். சில்வெஸ்டர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த மனுசன் கையில இன்னும் கடல் இருக்கு. கஸ்பாரு, மாடியில உக்காந்து என்ன செய்யுதீரு? என் படகுக்கு வாரும். சுக்கானை மட்டும் பிடியும், மத்ததைப் பயலுக பாத்துக்குவானுவ."

அன்றைக்குக் கேட்ட எல்லாச் சொல்லிலும் அதுதான் கஸ்பாருக்கு இனித்தது. அதுதான் வலிக்கவும் செய்தது.

டீச்சர் மதுரையிலிருந்து வந்ததும் கஸ்பார் சாவியை மேசையில் வைத்தார்.

"நான் கடலுக்கே போறேன் டீச்சர்."

"இடுப்பு தாங்குமா?"

"சுக்கான் மட்டுந்தான். அதுவும் போக, எனக்கு இது வராது. பயலைக் கொன்னுருப்பேன்."

டீச்சர் சாவியைத் தொடவில்லை. "ஸ்டாட்டிக்குக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நம்பர் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாப் பெட்டியிலயும் மாத்தணும். அதை மட்டும் முடிச்சிட்டுப் போங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பூசை முடிந்து, மறுபடியும் லேப்டாப்போடு, படகு படகாக ஏறினார். கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் செய்யவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டார்கள்.

தொபியாஸ் படகில் உட்கார்ந்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போன வாரந்தான மாமா நம்பர் போட்டீரு?"

"இது வேற."

"இது மாறாதா?"

"மாறாது."

"கரண்டு போனா?"

"மாறாது."

"மோடத்தை மாத்தினா?"

"மாறாது. இது நமக்குன்னே ஒதுக்கி வெச்சது. யாருக்கும் கொடுக்க மாட்டான்."

தொபியாஸ் துணியைக் கீழே வைத்தான். "அப்ப நான் அமுக்கினா நீரு இருப்பீரு."

கஸ்பார் வயரைப் பிடுங்கி மெதுவாகச் சுருட்டினார். பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"இருப்பேன்" என்றார்.

மறுநாள் காலையில் சில்வெஸ்டர் கரையில் நின்று அவரைத் தேடிவிட்டு, படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கஸ்பார் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். சாவி மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

மாதங்கள் போயின. கச்சான் காலம் முடிந்து கடல் தணிந்தது. கரண்டு எத்தனையோ தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கஸ்பார் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். கடல் எழும். கூடவே புள்ளிகளும் எழும். இப்போதெல்லாம் ஜன்னலுக்கு அடிக்கடி போவதில்லை. என்றாலும் மனதின் ஓர் ஓரத்தில் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் கடைசிப் படகும் வந்து சேர்ந்தது. கரையில் ஏலம் போடும் சத்தம் மாடிவரை கேட்டது. நல்ல மீன்பாடு போலிருக்கிறது. டீச்சர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணே."

"விடியக்காலையில வந்து உக்காந்தேன். மணி அடிக்கல. ஒரு பய கூப்பிடல. எல்லாவனும் அவனவன் பாட்டுக்குப் போனான், மீனோட வந்துட்டான். இந்நேரம் வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கேப்பா, இன்னைக்கு என்ன வேலை பாத்தீருன்னு." கஸ்பார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. "நான் என்ன வேலை பாத்தேன் டீச்சர்?"

டீச்சர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இருந்தீங்க, அண்ணே."