இரண்டு விரல் உயரம்

செங்கமலத்துக்கு மார்பில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டே இடத்தில். அந்த இரண்டின்மேல் மட்டும் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சலாம் என்றார் டாக்டர். ஒரே சிக்கல், மூச்சு விடும்போது கல்லீரலும் சேர்ந்து நகரும். மூச்சு ஏறி இறங்குவது திரையில் தெரியும்; அதில் ஒரு பச்சைக் கோடும் இருக்கும். மூச்சை அதுவரை இழுத்து, இருபது விநாடி அப்படியே நிறுத்த வேண்டும்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள் செங்கமலம். ஒன்பது வருஷமாக நாச்சியாரிடம் மூச்சுப் பயிற்சி படிக்கிறவளாயிற்றே! பெருமை யாரை விட்டது? ஒத்திகையில் மூச்சு கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனது. வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு வழி யோசிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நேரே குருவிடம் வந்து அழுதாள். நாச்சியார் அவளைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் செங்கமலம் குருவை 'அம்மா' என்பாள், குரு செங்கமலத்தை 'அக்கா' என்பாள். அப்படித்தான் அவர்களுக்குள் பழக்கம்.

"படுங்கக்கா" என்றாள் நாச்சியார். வயிற்றுக்கு இரண்டு விரல் உயரத்தில் உள்ளங்கையை நிறுத்திப் பிடித்தாள். "வயிறு என் கையைத் தொட்டதும் நிறுத்துங்க."

முதல் மூச்சு தொட்டு நின்றது. இரண்டாவது லேசாக இடித்தது. நாலாவது கையையே மேலே தள்ளிவிட்டது.

"இழுக்கும்போது மனசுல என்ன ஓடுது?"

செங்கமலம் தயங்கினாள். "மகளுக்கு இது ஏழாம் மாசம். முதல் மூச்சுல, பிள்ளை பிறக்கறதைப் பார்க்கணும்னு நினைச்சேன். அடுத்ததுல அது தவழணும். அதுக்கடுத்து 'ஆச்சி'ன்னு கூப்பிடணும்..."

"நாலாவதுல?"

"பள்ளிக்கூடத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டேன்."

நாச்சியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செங்கமலத்துக்கு வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம்தான் வந்தது.

"எல்லாம் இந்தப் பாழாப்போன ஆசையால வந்தது அம்மா. இதை எப்படி அறுக்கறதுன்னு சொல்லிக் கொடுங்க. வியாழக்கிழமைக்குள்ள அறுத்துடறேன்."

"அறுத்துட்டு? அப்புறம் எதுக்கு வைத்தியம்?"



நாச்சியார் மறுபடி கையை நீட்டிப் பிடித்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் ஆசைப்படுங்கக்கா, யாரு வேண்டாம்னா? மூச்சு மட்டும் என் கை வரைக்கும் வந்தாப் போதும்."