கதவுக்கு வெளியே மிருதங்கம்

"இனிமே தையுவுக்கு நான் வாசிக்க மாட்டேன் அத்தை."

வைத்திலிங்கம் இசைத்தட்டைக் கீழே வைத்த வேகத்துக்கு அது உடையாமல் இருந்ததே பெரிசு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அத்தை வடிவாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அவன் தங்கை தையுவுக்கும் தாளம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். என்னடா என்று கேட்கவில்லை.

கேட்காமலே கொட்டினான்.

பட்டணத்தில் தட்டுக்காகப் பாட்டுப் பதிந்தபோது தங்கையை, குரலைப் பிடிக்கிற புனலுக்கு நேரே நிறுத்தினார்களாம். மிருதங்கம் அதிர்ந்தால் பாட்டைக் கீறுகிற ஊசி மெழுகுத் தட்டில் குதிக்கிறதென்று இவனைக் கதவுக்கு வெளியே, செருப்புக் கிடக்கிற இடத்தில் உட்காரவைத்தார்களாம். ஆறு மாதம் கழித்துச் சீமைத் தொழிற்சாலையில் அச்சாகிக் கப்பலில் வந்த தட்டில் இவன் வாசிப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

பாடி முடித்ததும் பேர் சொல்லவேண்டும். அப்போதுதான் எந்தத் தட்டு யாருடையதென்று தொழிற்சாலையில் தெரியும். தையல்நாயகி தன் பேரை மட்டும் சொல்லியிருந்தாள்.

"கூடப் பொறந்தவன் பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா? அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டிருக்காங்க. அங்கே கெடக்கிற செருப்பே வாசிக்கட்டும்."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு பாட்டுப்பெட்டிக்குச் சாவி கொடுத்தாள். தட்டு சுற்றியது. தொடையில் தாளம் போட்டபடி கேட்டாள்.

முடிகிற தறுவாயில், ஓரிடத்தில் நிறுத்தி எடுத்த தையு தாளத்தில் அரை அட்சரம் முந்திவிட்டாள். தடுமாறிச் சமாளித்தாள்.

"பாத்தீங்களா? ஊரே சிரிக்குது. இவளுக்குத்தான் புனல்."

அத்தையின் கை நின்றது.

"மிருதங்கத்துல உன் கையைக் கேட்டுத்தானே அவ பாட்டை எடுப்பா. இந்த எடத்துல நீ என்ன வாசிச்சே?"

வைத்திலிங்கம் கீரைக் காம்புகளைப் பார்த்தான்.

"வாசிக்கலே."

"ஏன்?"

"ஆத்திரம். தட்டுல எப்படியும் கேக்கப்போறதில்லேன்னு நிறுத்திட்டேன்."

"அதுக்கு அவ உன்னை ஏதாவது சொன்னாளா?"

"இல்லே."

"ஊர்ல யார்கிட்டயாவது?"

"இல்லே அத்தை."

அத்தை ஊசியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள். அந்த இடம் வந்தது. தையு மறுபடி தடுமாறினாள். பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு இடைவெளி.

"கும்பகோணம் தையல்நாயகி" என்றது பெட்டி.

அத்தை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுடா. உன் பேரையும் சேத்துச் சொல்லியிருக்கணுமா?"