உடையாத முட்டிக்குச் சாட்சி

கதையைச் சொல்லிவிடுகிறேன், அவிழ்ப்பது உங்கள் பாடு. நடுவில் ஒரு படிக்கட்டு வரும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் இசக்கியம்மாள் என்றொரு கபடிக்காரி இருந்தாள். ரைடு போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். ஒரு ஆட்டத்தில் இடது முட்டி பிசகி, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. இனி இவள் எங்கே ஆடப்போகிறாள் என்று ஊரே பேசியது.

அவளை எழுப்பி நிறுத்தியவர்களில் முதல் ஆள் சவரிமுத்து மாஸ்டர். தன் ஜிம்மில் காசு வாங்காமல் எடை தூக்க வைத்து, சூம்பிப்போன காலைத் தேற்றினார். வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்து, அவள் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். அந்தப் பாசத்தில் இசக்கி ஒரு வாக்குக் கொடுத்தாள். "எந்த மேடையில யாரு கேட்டாலும் ஒங்க பேரத்தான் சொல்லுவேன் மாஸ்டர்."

இன்னொருவர் நூர்ஜஹான் மேடம். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி, எந்தக் காலுக்கு எவ்வளவு பலம் என்று மிஷினில் அளப்பார். எவ்வளவு எடை ஏற்றலாம் என்று மாஸ்டருக்குச் சொன்னதும் அவர்தான்.

பிறகு கோமதி. அணியின் உடற்பயிற்சியாளர், இசக்கிக்கு அக்கா வயது. ஆட்டத்துக்கு முன்னால் அவள் 'சரி' என்று சொன்னவர்களைத்தான் களத்தில் இறக்குவார்கள். அந்த அணியின் வழக்கம் அது.

மாவட்ட இறுதி ஆட்டம் வந்தது. முந்தின நாள் அளந்ததில் இரண்டு காலும் சமம். "ஆடலாம்," என்றார் மேடம். "புலி மாதிரி இருக்கா, எறக்குங்க," என்றார் மாஸ்டர்.

ஆட்டத்தன்று காலையில் விடுதி மாடியிலிருந்து இறங்கும்போது இசக்கியின் முட்டி சட்டென்று மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மிச்சப் படிகளை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினாள். மடங்கியதை யாரும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் இறங்கியதைக் கீழே நின்ற கோமதி பார்த்துவிட்டாள்.

"முட்டி என்னட்டி செய்யுது?"

"ஒண்ணும் செய்யலக்கா. செருப்பு வழுக்குச்சு."

கோமதி சரி சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டபோதும் இசக்கி செருப்பு என்றே சாதித்தாள். கோமதியும் அசையவில்லை. இசக்கி இல்லாமல் ஆடி அணி தோற்றது.

"ஏட்டி கோமதி, படிக்கட்டப் பாத்துக் குறி சொல்லுதியாமே, எங்க மாடு எப்பம் கன்னு போடும்?" என்று கடைத்தெருவில் கேட்டுச் சிரித்தார்கள். அணியிலிருந்தும் அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது இசக்கியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "பாரம் தூக்கி எந்திரிக்கப் படிச்சிட்ட. இனி மெதுவா எறங்கப் படி."

இசக்கி யாருக்கும் சொல்லாமல் வீட்டுப் படியில் மெதுவாக இறங்கி இறங்கிப் பழகினாள். முட்டி நிலைத்தது. மறு வருஷம் கோப்பை வந்தது.

அந்தக் கோப்பையை வைத்து மாநிலச் சங்கம் ஒரு விருது அறிவித்தது. பயிற்சியாளரோ ஆராய்ச்சியாளரோ, இசக்கியைத் தேற்றியவர் ஒருவருக்கு. சங்கம் நடத்தும் பயிற்சி முகாமின் சின்னப் பிள்ளைகள் எல்லாரையும் விருது வாங்குகிறவர் பொறுப்பில் விடுவார்கள். மேடையேறி ஒரு பேரை இசக்கி சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள்தான் முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்களும். முகாமுக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

மாஸ்டரைச் சொன்னால் வாக்கு நிற்கும். ஆனால் வலியை மறைக்கிற பிள்ளைகள் எல்லாரும் 'எறக்குங்க' என்கிறவர் கைக்குப் போவார்கள். மேடத்தைச் சொன்னால் வாக்கும் போகும், படியும் மறைந்தே கிடக்கும். கோமதியைச் சொன்னால் ஏன் என்பார்கள். உடையாத முட்டிக்குச் சாட்சி ஏது? அந்தப் படியைச் சொன்னால்தான் உண்டு. சொன்னாலோ, பொய் சொன்னவள், முட்டி போனவள் என்று முகாமில் கழித்துவிடுவார்கள்.

முன்வரிசையில் மாஸ்டர் சிரித்த முகமாய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மேடம். கோமதி கடைசியில், வாசலை ஒட்டி நிற்கிறாள். இசக்கி மைக்கைக் கையில் வாங்குகிறாள்.

நீங்கள் சொல்லுங்கள். அவள் யார் பேரைச் சொல்வது சரி?

விடை: கோமதி பேரை. மாஸ்டருக்கு இசக்கி கடன்பட்டவள்தான், அதில் சந்தேகமில்லை. அந்தக் கடனைத் தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அடைக்கட்டும், வரப்போகிற பிள்ளைகளின் முட்டியைக் கொடுத்து அடைக்கக் கூடாது. மேடத்தின் மிஷின் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது, படியில் இறங்குவதைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை. ஏச்சுதான் கிடைக்கும் என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்தவள் கோமதி ஒருத்தி. முகாம் போய்விடாதா என்றால், போகலாம், அதற்கு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த மேடைக்கும் படி உண்டு. உள்ளதைச் சொல்லிவிட்டு, எதையும் பிடிக்காமல், நேர் முகமாய் இசக்கி இறங்கட்டும். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.